காலடிப்பேட்டைக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்: 60,000 ரூபாயில் எதற்கு எவ்வளவு

2024 மே மாதம், அக்கா மகன் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிச் சேர்க்கைக்காகக் காத்திருந்த நாட்களில், அக்கா தான் எடுத்த சீட்டுப் பணத்திலிருந்து 60,000 ரூபாயை அவன் கையில் கொடுத்து என்னிடம் அனுப்பினார். மானிட்டர் உட்பட எல்லாம் அந்தத் தொகைக்குள் முடிய வேண்டும், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பதுதான் நிபந்தனை. ஒரு குடும்பம் மாதாமாதம் கட்டிச் சேர்த்த பணம் என்பதால், சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு மாலைகள் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இங்கே எழுதும் விலைகள் எல்லாம் அந்த மாதத்து விலைகள். அவை மாறியிருக்கும், பங்கு பிரித்த முறை இன்றைக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

பிராசஸரில் தொடங்காமல் திரையில் தொடங்கினோம். அவன் விளையாடுவது நண்பர்களோடு வாலரண்ட், பிறகு கால்பந்து, நேரம் கிடைத்தால் ஜிடிஏ 5. இவற்றுக்கு 1920க்கு 1080 அளவுள்ள முழு எச்டி திரையே போதும். அந்தத் திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். அதற்கு அடுத்த அளவான 2560க்கு 1440 திரையில் 36.9 லட்சம். ஒவ்வொரு முறை படம் மாறும்போதும் அத்தனை புள்ளிகளையும் வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு என்பதால், திரையைப் பெரிதாக்கினால் கார்டுக்கான செலவும் கூடவே ஏறும். ஆகவே 24 அங்குல, 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் மாறும்) மானிட்டர் ஒன்றை 8,200 ரூபாய்க்கு முடிவு செய்துவிட்டு, மீதி 51,800 ரூபாயைப் பெட்டிக்கு ஒதுக்கினோம்.

அதில் பெரும்பங்கு, 20,500 ரூபாய், கிராபிக்ஸ் கார்டுக்கே போனது. வாங்கியது 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6600. கடையில் அதைவிடப் பல ஆயிரம் ரூபாய் குறைவாக ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இருந்தது. அதன் அட்டைப்பெட்டி ஏறக்குறைய அதே போலத்தான் இருக்கும், வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அதில் இருப்பது 4 ஜிபி மட்டுமே. மதர்போர்டோடு அது பேசும் பாதையும் நான்கு தடங்கள்தான். 4 ஜிபி நிரம்பிவிட்டால் மீதித் தரவுகள் அந்தக் குறுகிய பாதை வழியாகக் கணினியின் ரேமுக்குப் போய்வர வேண்டும். அந்தப் பாதையின் முந்தைய தலைமுறையான பிசிஐ 3.0 உள்ள பழைய மதர்போர்டில் அதன் வேகமும் பாதியாகிவிடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு திடீர் திடீரென்று திக்கும். நாங்கள் வாங்கிய 6600-க்கு எட்டுத் தடங்கள் உண்டு. நினைவகமும் போதுமான அளவு இருப்பதால், அதே பிசிஐ 3.0 உள்ள, விலை குறைந்த பி450 மதர்போர்டில் பொருத்தினாலும் இழப்பு மிகச் சிறியதே.

செகண்ட் ஹேண்ட் யோசனையும் வந்தது. அலுவலகங்கள் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன, அதில் ஒரு கார்டைச் செருகிவிடலாம் என்றான். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அந்த விண்டோஸில் வாலரண்ட் ஓட வேண்டுமானால் வன்பொருளிலேயே அமைந்த டிபிஎம் 2.0 பாதுகாப்பும் கட்டாயம். அது பழைய பெட்டிகளில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிய இருந்தது. நான்கு வருடம் கல்லூரி முழுக்கப் பயன்பட வேண்டிய கணினிக்கு அது பொருந்தாது என்று அந்த யோசனையைக் கைவிட்டோம்.

பிராசஸருக்கு ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 11,000 ரூபாய். கடைக்காரர்கள் பலரும் 5600ஜி-யைப் பரிந்துரைப்பார்கள். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, இப்போது அதில் விளையாடிவிட்டுப் பிறகு கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். கார்டு வாங்கவே பணம் இல்லாதவருக்கு அது நல்ல வழிதான். முதல் நாளே கார்டு வாங்குகிறவருக்கு 5600 தான் மேல், ஏனென்றால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் அதில் 32 எம்பி. 5600ஜி-யில் 16 எம்பி மட்டுமே, விளையாட்டுகளில் அந்த வேறுபாடு தெரியும். பி450 மதர்போர்டு 6,500 ரூபாய். அது 5600-க்கு முன்பே வந்த போர்டு என்பதால், ரைசன் 5000 வரிசைக்குத் தயார் என்று பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் கடையிலேயே மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்து தரச் சொல்ல வேண்டும். ரேமை 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கினோம். எஸ்எஸ்டி 500 ஜிபி. இவை இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றி. 2019-இல் எனக்காக அசெம்பிள் செய்தபோது கேபினட்டோடு ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை இலவசமாகக் கொடுத்தார்கள். மேலே 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்ததால் வாங்கிக்கொண்டேன். அடுத்த கோடையில் விளையாட்டின் நடுவே கணினி தானாக அணைந்து தானாக எழத் தொடங்கியது. ஒரு நாள் இரவு கருகிய வாடை வந்தது. மறுநாள் பார்த்தால் எஸ்எம்பிஎஸ்ஸோடு மதர்போர்டும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த ஸ்டிக்கரில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அந்த வரியிலிருந்துதான். என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். பெட்டியின் மேல் இருந்த 450-க்கும் உள்ளே இருந்த 216-க்கும் தொடர்பே இல்லை.

இப்போது வாங்கும் பாகங்களுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். பிராசஸருக்கு முழுச் சுமையில் 80 வாட் என்று வைத்துக்கொள்வோம். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, காற்றாடிகள் எல்லாம் சேர்ந்து ஒரு 50. மொத்தம் 260 வாட்டைத் தாண்டுகிறது. கண நேரத்துக்கு அதைவிட மேலே எகிறுவதும் உண்டு. ஆகவே 12 வோல்ட் வரியிலேயே 500 வாட்டுக்கு மேல் தரக்கூடிய 550 வாட் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) எஸ்எம்பிஎஸ்ஸை 4,000 ரூபாய்க்கு எடுத்தோம். பிரான்ஸ் என்னும் 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்லும், உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. அதனால் வாரண்டி எத்தனை ஆண்டு என்றும் பார்த்தோம். ஐந்து ஆண்டு.

வாங்கும் அன்று வடசென்னையில் எங்கள் காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தோம். கேபினட் கடையில் அவன் நின்றுவிட்டான். "மாமா, இந்தக் கண்ணாடி கேபினட் எடுத்துக்கலாம், லைட்டு சூப்பரா இருக்கு" என்றான். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, உள்ளே மூன்று வண்ணக் காற்றாடிகள். அந்தக் காற்றாடிகளின் முன் என் உள்ளங்கையை வைத்துக் காட்டினேன். கண்ணாடியின் ஓரத்தில் விரல் நுழையும் அளவு இடைவெளி மட்டுமே, காற்று வரவில்லை. அக்னி நட்சத்திரத்தில் அவன் அறை மாடியில் தகிக்கும். அதனால் முன்பக்கம் வலை போட்ட, தூசு வடிகட்டியைக் கழற்றிக் கழுவக்கூடிய கேபினட்டை 2,800 ரூபாய்க்கு எடுத்தோம். அவனுக்கு முகம் சற்று வாடியது உண்மை. ஆனால் எங்கள் பக்கத்தில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் கடலிலிருந்து வரும் உப்புக் காற்றும் சேர்ந்து கணினிக்குள் என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்: திருகுகளில் துரு, ரேமின் பொன்னிறப் பற்களில் மங்கிய படலம். அப்படிப் படலம் படிந்தால் திரை வராது. ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

அசெம்பிள் செய்து சுவிட்சைப் போட்டதும் கேபினட்டின் பின்பக்க இரும்பைத் தொட்ட அவன் கையை உதறினான். பலரும் இதைப் பெட்டியின் கோளாறு என்று நினைக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள், மின்சாரம் வரும் இரண்டு கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த்து இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லையென்றால் உடலில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம் நிற்கும், தொட்டால் சுரீரென்று இருக்கும். அக்கா வீடு பழைய வீடு. பிளக் பாயிண்ட்டில் மூன்று துளை இருந்ததே தவிர, மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயின் போர்டிலிருந்து அந்த அறைக்கு எர்த்து கம்பி இழுத்த பிறகுதான் மீண்டும் போட விட்டேன். அந்தச் செலவு 60,000-க்கு வெளியே, நானே கொடுத்தேன்.

அன்று இரவு விளையாட்டை ஏற்றி அரை மணி நேரம் ஆடிவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் நண்பன் வீட்டுத் திரை அளவு வழுக்கிக்கொண்டு போகவில்லை என்று அழைத்தான். விண்டோஸ் அமைப்பில் திரையின் வேகத்தைப் பார்க்கச் சொன்னேன். 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. 100-ஆக மாற்றினான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, மவுஸ் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.