அரும்பு, மொட்டு, மலர்

அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கிறதா? அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கும்போது "எத்தனை மார்க்" என்று கேட்காதீர்கள். "அரும்பா, மொட்டா, மலரா, எதில் தடுமாறுகிறாள்" என்று கேளுங்கள்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் வந்த கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2022 ஜூனில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும். எழுத்தில் நிற்கும் குழந்தை அரும்பு, சொற்களைப் படிப்பவள் மொட்டு, வகுப்புக்கு உரிய நிலையில் இருப்பவள் மலர். பாடலும் ஆட்டமுமாக வகுப்பு நடக்கும். குழந்தை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பாடம் தொடங்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை "மக்கு" என்று கடைசி வரிசையில் உட்கார வைத்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோமே.

ஆனால் மதிப்பீட்டையெல்லாம் செயலியில் பதிவேற்றவே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமான வருத்தம். அந்த நேரம் பிள்ளைகளுக்குப் போக வேண்டியது.

பள்ளியில் தரும் காலை உணவும் (2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைத்தார்கள், முதலில் மாநிலம் முழுக்க 1,545 பள்ளிகளுக்கு) விடிந்ததும் வேலைக்கு ஓடும் அம்மாக்களுக்குப் பெரிய துணை.

அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். கூட்டம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாமல், கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள்.