பெயர் வெட்டாத சொத்து

கல்யாணச் சாமான் வாங்கிப் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. பித்தளையோ எவர்சில்வரோ, விளிம்பில் விலாசம் இருந்தாக வேண்டும். நகரத்தார் வழக்கில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் மட்டுமல்ல. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த தொழில் அடையாளமும்கூட. பர்மாவிலும் மலேயாவிலும் அந்த நாலைந்து எழுத்தை நம்பித்தான் கொடுக்கல் வாங்கல் நடந்தது. இணையதளத்தின் முகவரியான டொமைன் பெயரும் அப்படி ஒரு விலாசம்தான் என்று எனக்கு உறைக்க, காரைக்குடியில் கணக்கு எழுத உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் ஆனது. அதுவும் ஒரு தப்பு செய்த பிறகு.

2020-ல், ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். ஆத்தங்குடித் தரைக்கல் போடும் அண்ணன் ஒருவர் மஞ்சள் பையில் வருடக் கணக்கைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். சிமெண்டு பில், மணல் லோடு சீட்டு, கலர்ப்பொடி பில், கல் வார்க்கும் கண்ணாடிக்கான பில். பாஸ்புக்கில் மட்டும் நவம்பர் மாதம் 1,10,000 ரூபாய், யாரோ ஒரு தனி ஆளுக்குப் போயிருந்தது.

“இது என்னண்ணே?”

“அது பேரு வாங்குனது தம்பி. நம்ம கல்லுக்குத் தோதான பேரை ஒருத்தன் முன்னாடியே பதிஞ்சு வச்சிருந்தான். ஒன்றரை லட்சம் கேட்டான். மிச்சம் நாப்பதாயிரம் கையில குடுத்தேன்.”

நான் யோசிக்கவே இல்லை. வருடா வருடம் அவர் கட்டும் ஆயிரத்துச் சொச்சம் டொமைன் கட்டணம் விளம்பரச் செலவில்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை லட்சத்தையும் அதே தலைப்பில் ஏற்றிவிட்டேன். ஆடிட்டர் சார் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். “வாடகையும் கிரயமும் ஒண்ணாய்யா?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரிக்குள் விஷயம் முழுக்க இருந்தது. பதிவு நிறுவனத்துக்கு நாம் கட்டும் ஆண்டுக் கட்டணம் வாடகை மாதிரி. கட்டினால் அந்த வருடம் பெயர் நம்முடையது, கட்டாவிட்டால் போச்சு. தொழிலுக்காகச் செய்த செலவு, வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 37-ல் முழுசாகக் கழித்துக்கொள்ளலாம். பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் நான் முன்பணமாக வைத்து ஆண்டுவாரியாகப் பிரித்துவிடுவேன். ஆனால் ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கும் பெயரைக் காசு கொடுத்து வாங்கினால் அது கிரயம். பல வருடம் பலன் தரும் சொத்து. செலவில் எழுத முடியாது, தேய்மானம்தான், அதாவது விலையை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது. பிரிவு 32-ன்படி தொட்டுணர முடியாத சொத்துக்கு 25 சதவீதம், குறைந்துவரும் மதிப்பின்மேல். (நான் சொல்லும் பிரிவு எண்களெல்லாம் 1961-ம் வருடச் சட்டத்தவை, 2026 ஏப்ரல் முதல் புதுச் சட்டம் வந்து எண்கள் மாறிவிட்டன.)

பிரிவு 32-ல் டொமைன் என்ற சொல்லே கிடையாது. காப்புரிமை, வணிகக்குறி, உரிமம் என்று அடுக்கிக்கொண்டு போய், இவை போன்ற பிற வணிக உரிமைகள் என்று முடியும். அந்த வாலில்தான் டொமைனைக் கட்ட வேண்டும். 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கு வணிகக்குறிக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்று சொன்னது எனக்குத் தைரியம். குட்வில்லை, அதாவது கடையின் நற்பெயருக்கான மதிப்பை, தேய்மானத்திலிருந்து 2021-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் ஓடுகிற கடையோடு சேர்த்துப் பெயரை வாங்கும்போது, பெயருக்கு எவ்வளவு, குட்வில்லுக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் உள்ளபடி பிரித்து எழுதச் சொல்கிறேன்.

அண்ணனுக்குக் கணக்கைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை சொத்தின் அடக்க விலையிலேயே சேராது. ஆக 40,000 அவுட். மிச்சம் 1,10,000. நவம்பரில் வாங்கியதால் மார்ச் முடிய 180 நாள் ஆகவில்லை, எனவே பாதி விகிதம், 12.5 சதவீதம். அந்த வருடம் கழிக்க முடிந்தது 13,750 ரூபாய்.

“ஒன்றரை லட்சம் குடுத்துட்டு வந்திருக்கேன் தம்பி.”

“மிச்சம் வருசா வருசம் வரும்ணே. அந்த நாப்பதாயிரம் மட்டும் வராது.”

அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்கு அப்போதே போன் போட்டார். மருமகன், பதினைந்து வருடம் சமமாகக் கழிக்க வேண்டும் என்கிறார். விலைக்கு வாங்கிய பெயருக்குப் பெரும்பாலும் அங்கே அதுதான் முறை. இங்கே அது செல்லாது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

வெப்சைட் போட்டுக் கொடுப்பவர்கள் தரும் பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘வெப்சைட் 35,000’ என்று ஒற்றை வரி. அதற்குள் டொமைன் எவ்வளவு, ஹோஸ்டிங் எவ்வளவு, வடிவமைப்பு எவ்வளவு? பிரித்துக் கேட்டால் ஏதோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி பார்ப்பார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படியே, பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்றும்.

அதைக் கேட்கப் பழக்கியது பலகார ஆச்சி. மாவுருண்டை, சீப்புச்சீடை, மனகோலம் எல்லாம் வீட்டில் செய்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார். மகன் சிங்கப்பூரில் இருந்தபடியே தன் பேரில், தன் கார்டில் டொமைன் வாங்கிக் கொடுத்திருந்தார். நல்ல மனசு, ஆனால் பில்லில் ஆச்சியின் ஜிஎஸ்டி எண் இல்லை. பதினெட்டு சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, விற்பனைக்குக் கட்டும் வரியில் கழிக்க வழியில்லை. ஆச்சி 44ஏடி பிரிவில், விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிக் கணக்கு முடிப்பவர், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம்.

“இந்தப் பேருக்குக் கட்டுனதை எதுல தம்பி கழிப்பீக?”

“எதுலயும் கழிக்க முடியாது ஆச்சி. எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிஞ்ச மாதிரிதான் கணக்கு.”

“அப்ப அந்தப் பில்லை எதுக்குக் கேக்குறீக?”

நியாயமான கேள்வி. பதில் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் வந்தது. கடைப் பக்கம் திறக்கவில்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் மகன் திறந்தே பார்க்காத பழைய கல்லூரி மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. கெடு தாண்டி, மீட்புக் காலமும் பாதி ஓடியிருந்தது. வழக்கமான கட்டணத்தைப் போல பல மடங்கு கட்டித்தான் பெயர் திரும்பியது. அந்தக் கூடுதல் தொகையை அபராதம் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். சட்டத்தை மீறியதற்கான அபராதம் அல்ல அது, செலவைத் தனியாகக் கழிப்பவர்களுக்குத் தொழில் செலவுதான். ஆனால் ஆச்சி அந்த நாள்களில் இழந்த ஆர்டருக்கு எந்தப் பிரிவும் கிடையாது.

பிறகு மகனிடமிருந்து பெயரை ஆச்சியின் தொழிலுக்கு மாற்றினோம். புதுப் பில்லை அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் தொழிற்பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். முடியும் தேதி எது என்று கேட்டு, அதன்கீழ் பேனாவால் கோடு போட்டார்.

கிளம்பும்போது சம்படம் நிறையச் சீப்புச்சீடையை மேசையில் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பி, “சம்படத்தைக் குடுத்து விட்றணும் தம்பி, பேரு வெட்டியிருக்கு” என்றார்.