வரி மறந்த அந்த இடம்
நேற்று ராத்திரி முழுக்க அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா (Ella) ஃபிட்ஸ்ஜெரால்டின் பாட்டுதான். 1934இல் நியூயார்க்கில், ஹார்லெமின் அப்பல்லோ அரங்கப் போட்டிக்கு ஆடத்தான் வந்தார், 17 வயதில். முன்னால் ஆடிய சகோதரிகளைப் பார்த்ததும் பயம். சரி, பாடிவிடலாம் என்று பாடினார். முதல் பரிசு! அடுத்த வருடமே டிரம்மர் சிக் வெப்பின் குழுவில் சேர்ந்தார். 1939இல் வெப் இறந்ததும் அந்தக் குழுவுக்கே இவர் தலைவி. 22 வயதுதான்!

எனக்கு உயிர், 1960 பெர்லின் கச்சேரிப் பதிவு. பாட்டின் நடுவில் வரி மறந்துவிடுகிறது. நிறுத்தவில்லை. மறந்துபோனதையே வரியாக்கிப் பாடுகிறார். அப்புறம் ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலில், அவரைப் போலவே நாலு அடி. தாளம் ஓரிடத்தில்கூடத் தளரவில்லை. அதற்குக் கிராமி விருதும் வந்தது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் சிலிர்த்தது.