அஸ் டிசைன்ட் என்று மூடிய டிக்கெட்

எங்கள் வீடியோ கேமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அந்தப் பிழைப் புகாரை, அதாவது டிக்கெட்டை, ஆடியோ டைமிங் பிரிவில்தான் போட்டிருந்தான்: "சலூன் ஸ்டைலிஸ்ட் திரைக்குள் வந்ததுமே சிரிப்புச் சத்தம் ஓடிவிடுகிறது. ஜோக் அதற்கப்புறம்தான் வருகிறது." பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன், பத்திலும் அப்படியே என்று வேறு குறித்திருந்தான். நான் கீழே எழுதினேன்: "பிழை இல்லை. சிரிப்பு நடைக்கு, வசனத்துக்கு அல்ல." ஸ்டேட்டஸ், அஸ் டிசைன்ட். திட்டமிட்டே அப்படி வைத்தது என்று அர்த்தம்.

எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த நடை என் யோசனை. இடுப்பு ஒரு பக்கம் போகும், மணிக்கட்டு தொங்கும், திரும்பும்போது விரல் நுனியில் ஒரு சுழற்சி. அனிமேட்டருக்கு நானே நடந்து காட்டினேன். ரூமே சிரித்தது. அந்த டெஸ்டரும் சிரித்தான், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கும் நான் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

மறுநாள் டீக்கடையில் கேட்டான். "அண்ணா, அது டைமிங் பக்தான்னு நெனச்சீங்களா?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. நம்மாட்கள் கேலி பண்ணித்தான் பழகுவார்கள், பழகினால் வெறுப்பு குறையும் என்றேன். சாட்சிக்கு ஜிடிஏ கேம் வரிசையில் 2009இல் வந்த 'தி பாலட் ஆஃப் கே டோனி'யை இழுத்தேன். தலைப்பிலேயே 'கே', அதாவது தன்பாலீர்ப்பாளர். நைட்கிளப் முதலாளி டோனி பிரின்ஸைச் சுற்றி எவ்வளவோ நக்கல், ஆனாலும் நாம் ஓடி ஓடிக் காப்பாற்றுவது அந்த ஆளைத்தான். துப்பாக்கிக்கும் திருட்டுக் காருக்கும் வந்த பையன்கள் ஒரு தன்பாலீர்ப்பாளருக்காக ராத்திரியெல்லாம் விளையாடினார்களே, அது போதாதா?

டம்ளரைக் கீழே வைத்தான். "டோனிக்குக் கடன் இருக்குண்ணா. மாஃபியாக்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். மாத்திரைப் பழக்கம் இருக்கு. நம்ம ஆளுக்கு என்ன இருக்கு?"

"நடை இருக்கே" என்று நானே சிரித்தேன். அவனும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. இல்லை, இது நானாகச் சேர்த்துக்கொண்டதோ என்னவோ.

ஸ்கிரிப்ட் ஷீட்டில் அந்த ஸ்டைலிஸ்டுக்குப் பெயர்கூடக் கிடையாது. 'காமெடி 3'. ஆனால் நாங்கள் அவனை வில்லனாக்கவில்லை, அடி வாங்க வைக்கவில்லை. விளையாடியவர்கள் அவனைப் பிடிக்கும் என்றுதான் எழுதினார்கள். எதற்காகப் பிடிக்கும் என்று பார்த்தால், எல்லாரும் நடையைத்தான் சொல்லியிருந்தார்கள். அதை அன்பு என்று எடுத்துக்கொள்வதா?

டெஸ்டர் ஏன் கேட்டான் என்றும் யோசித்தேன். அவனும் அப்படியோ என்று. இந்த யோசனைதான் இப்போது அதிகமாகக் கூசுகிறது. அப்படி இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு மதிப்பா?

'பெர்சோனா 5' கேமில் ரியூஜி என்ற பள்ளிப் பையனை இரண்டு ஆண்கள் விரட்டி இழுத்துக்கொண்டு போவதை வேடிக்கையாகக் காட்டியிருப்பார்கள். பலருக்குக் கசந்தது. 2020இல் அதன் புதுப் பதிப்பான 'ராயல்' ஆங்கிலத்தில் வந்தபோது, அவர்கள் அவனுக்குப் பெண் வேஷம் போட்டுப் பார்க்க ஆசைப்படுவதாக வசனத்தை மாற்றினார்கள். காட்சி அப்படியே இருந்தது. ஒப்புக்குச் செய்த வேலை என்று அப்போது திட்டியவன் நான். அதே வருஷம் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7' ரீமேக்கில், 1997இல் வந்த மூல கேமில் நாயகன் கிளவுடைத் தொட்டிக்குள் தள்ளிச் சிரிக்க வைத்த ஹனி பீ விடுதியை முழு நடன மேடையாகவே ஆக்கிவிட்டார்கள். அவர்களிடம் பணம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

டெஸ்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டான். அடுத்த அப்டேட்டில் ஸ்டைலிஸ்டுக்கு ஒரு பெயர் வைத்தேன். கடைக்கு மூன்று மாத வாடகை பாக்கி, ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நாலு வசனம் எழுதினேன். சிரிப்புச் சத்தத்தை வசனத்துக்குப் பின்னால் தள்ளினேன். நடையை மட்டும் தொடவில்லை. அனிமேட்டருக்கு நேரமில்லை என்று மீட்டிங்கில் சொன்னேன். அவரிடம் நான் கேட்கவே இல்லை.