செடி வாங்கும் முன் ஒரு குழி வெட்டுங்கள்

சென்னையில் புதுத் தோட்டம் என்றதும் எல்லாரும் நேரே நர்சரிக்குத்தான் ஓடுகிறார்கள். அதற்கு முன் கடப்பாரையோடு கொல்லைக்குப் போங்கள். புது வீடாக இருந்தால், மேலே பரப்பிய அரையடி செம்மண்ணுக்குக் கீழே செங்கல் துண்டும் காய்ந்த சிமென்ட் கலவையும் டைல்ஸ் சில்லும்தான் இருக்கும். அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். முதலில் காட்டிக்கொடுப்பது இட்லிப்பூச் செடி: கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு யூரியா போடுவது வீண். இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் இழுக்க முடியாத நிலை அது. செடி வைக்கும் இடத்திலாவது ஒன்றரை அடிக்கு ரப்பிஷை வாரி வெளியே கொட்டத்தான் வேண்டும்.

அடுத்து, ஓரடிக்கு ஓரடியாக ஒரு குழி வெட்டி நிரம்பத் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி ஊற்றி, ஸ்கேலை நட்டுவைத்துப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரை மணலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். அங்கே தொழுவுரமும் மூடாக்கும்தான் (மண்மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல்) செலவு. மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் அது களிமண். அதில் நாலு சட்டி மணலைக் கொட்டிக் கிளறினால் சரியாகாது, காய்ந்ததும் இன்னும் இறுகும். முக்கால் அடி உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். 20 அடி நீளம், 3 அடி அகலப் பாத்திக்கு 45 கன அடி மண் பிடிக்கும். மழையில் அமுங்குவதால் அரை யூனிட், அதாவது 50 கன அடியாகச் சொல்லிவிடுங்கள். மூன்று பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய சாணி எரு போதும். சூடு தணியாத சாணி வேண்டாம், வேர் வெந்துவிடும்.

வெயில் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சென்னையில் உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். 20 அடி உயர வீட்டின் நிழல் டிசம்பர் நடுப்பகலில் வடக்கே ஏறக்குறைய 15 அடி நீளும். ஜூனில் அதே இடம் மொட்டை வெயில். மார்கழியில் 'நல்ல நிழல்' என்று நம்பி அங்கே பெரணி (ஃபெர்ன்) வைத்தால், கத்திரி வெயிலில் கருகும்.

தண்ணீர் ஓடத் தரையின் வாட்டம் (சரிவு) 10 அடிக்கு 2 அங்குலம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி. கொத்தனார் கண்மதிப்பில் போடுவார், விடாதீர்கள். இருபுறமும் தண்ணீர் மட்டம் தெரியும் டியூபை வைத்துப் பாருங்கள். மழைநீர் சேகரிப்புக் குழியின் மேல் பாத்தி கட்டவே கூடாது.

மரம் ஒன்றோ இரண்டோ போதும். தென்னைக்குத் தென்னை 25 அடி வேண்டும் என்றால், அரை கிரவுண்டில் (1,200 சதுர அடி) எத்தனை வைக்கலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக் கிளை லேசான காற்றுக்கே முறியும். வர்தா புயலைப் பார்த்த ஊரில் அதை மின்கம்பி ஓரமாக வைக்காதீர்கள். கொய்யா, எலுமிச்சை, பவழமல்லிக்கு இரண்டடிக் குழி போதும்.

நடுவது ஆடி, ஆவணியில். வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்திருக்கும். களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் வேர் அழுகும். மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் அதுதான். உடனே ஓரமாக ஒரு வாய்க்கால் கீறி நீரை வடித்துவிடுங்கள்.