கிளாசிக்கல் கிட்டாரில் புள்ளி வைத்தேன்

நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் பெரும்பாலும் ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அடையாளம் காட்டும் புள்ளிகளே இருக்காது, எலக்ட்ரிக்கில் பழகிவிட்டு இதற்கு வந்த எனக்கு ஏழாவது ஃபிரெட்டுக்குத் தாவும்போதெல்லாம் விரல் எட்டில் போய் நின்றது. விரல் பதியும் பலகையின் முகப்பில் புள்ளி ஒட்ட மனசு வரவில்லை, அந்தக் கருமரத்தின் வெறுமைதான் அழகு. அதனால் வாசிப்பவர் கண்ணில் படும் மேல் விளிம்பில் மட்டும் 5, 7, 9, 12-க்கு வெள்ளை நெயில் பாலிஷ், பல்குச்சி நுனியால் ஒரே சொட்டு. புள்ளி ஃபிரெட் கம்பிக்கு நேராக அல்ல, அந்தக் கம்பிக்கும் அதற்கு முந்தைய கம்பிக்கும் நடுவில் வர வேண்டும். எண்ணிக்கையில் சந்தேகமா, முதலில் 12-ஆவது ஃபிரெட் கம்பியைக் கண்டுபிடியுங்கள்: தந்தி நீளம் 650 மி.மீ. என்றால் அது நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டை) 325-இல் இருக்கும், அதற்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். அப்புறம், பாலிஷை அழிக்க அசிட்டோன் வேண்டாம், விளிம்பின் வார்னிஷையும் கரைத்துவிடலாம். நகத்தால் சுரண்டினாலே போதும்.