அட்லஸுக்கு உயிர்ப்புள்ளி எத்தனை?

"மாமா, அட்லஸைக் கொன்னுட்டா அப்புறம் வானத்தை யாரு பிடிச்சுக்குவா?"

அக்கா மகன் கேட்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்துக்கு, அட்லஸின் பலத்தையும் தாக்குதலையும் குறிக்கும் அரக்கன் தாள் தயாரித்துக்கொண்டிருந்தோம். உயிர்ப்புள்ளி, அதாவது சாவதற்கு முன் அவன் எவ்வளவு அடி தாங்குவான் என்ற கணக்கு, 600 என்று அப்போதுதான் எழுதியிருந்தேன்.

பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடும் அட்லஸ் உலகின் ஓரத்தில் நின்று தலையாலும் கைகளாலும் வானத்தைத் தாங்குகிறான். பூமி உருண்டையை அல்ல, வானத்தை. கடவுள்களின் அரசன் ஜீயஸ் விதித்தது அது. இரண்டு கையும் அங்கே இருக்கும்போது வாளை எப்படி எடுப்பான்?

600-ஐ அழித்தோம். தாக்குதல் பகுதியையும் அழித்தோம்.

இப்போது விதி இது: அவன்மேல் விழும் ஒவ்வொரு வெட்டுக்கும் வானம் 10 அடி இறங்கும். முதலில் பறவைகள் தரைக்கு வரும். அப்புறம் மலைமுகடு நொறுங்கும். யாராவது பாரத்துக்குத் தோள் கொடுத்தால் மட்டும் அவன் பேசுவான். கிரேக்கக் கதைகளின் வீரன் ஹெராக்ளிஸ் ஒருமுறை கொடுத்தானே, அதிலிருந்து எடுத்தது.

அட்லஸ் போன்ற டைட்டன்களை வெறும் பெரிய உடம்பாக எழுதிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்தான். பத்து வருடப் போரில் தோற்ற பழைய கடவுள்குலம் அது.

பையன் தாளின் மூலையில் அட்லஸின் முகத்தை வரைந்திருக்கிறான். கண்கள் மூடியிருக்கின்றன.